நேராகப் போன நிழல்

முதலில் அநியாயம் செய்தவர் தில்லைநாயகம். அவருக்குப் பின்னால் வேறு பலரும் அம்மாசிக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். வரப்பை வெட்டித் தள்ளியவன் உண்டு, பெண் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாக்கு மாறியவன் உண்டு, பொய்ச்சாட்சி சொன்னவன் உண்டு. அவர்களில் சிலரை அம்மாசி மன்னித்தார், சிலரை மறந்தார், சிலர் செத்தபோது போய்ப் பாடையும் தூக்கினார். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. வரிசையில் முதல் ஆள் தில்லைநாயகம்தான். அவர் கணக்கு தீராமல் அம்மாசிக்குச் சாகிற உத்தேசம் இல்லை.

ஆலங்கரம்பையில் ஊருக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் பெரிய களம் கிடக்கிறது. இன்றைக்கு அது ரைஸ்மில்லில் அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைக்கிற சிமெண்டுக் களம், அன்றைக்குச் சாணம் மெழுகிய மண் களம். களத்துக்கு வடக்கே தில்லைநாயகத்தின் வீடும் மில்லும், அதைத் தாண்டினால் கடைத்தெருவும் பஸ் வருகிற ரோடும். களத்துக்குத் தெற்கே அம்மாசியின் தெரு. மூக்குத்திப் பூவையும் முள்ளையும் மிதிக்காமல் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக வேண்டுமானால் களத்தில் நேராக நடந்தால் போதும். மாடு அப்படித்தான் நடக்கும்.

அப்போது அம்மாசிக்குச் சிறு வயது. ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் உப்பு வாங்கிக்கொண்டு, களத்துக்குள் இறங்கக்கூட இல்லை, அதன் மேற்கு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததால் அந்தச் சின்ன உடம்பின் நிழல் பனைமரம் போல நீண்டு, கிழக்கே களத்துக்குள் போய், குவித்திருந்த நெல்லின் மேல் ஏறி இறங்கி, அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தில்லைநாயகத்தின் கால் மேல் விழுந்தது. தில்லைநாயகத்துக்கு அப்போது மீசை வந்த புதுசு, அப்பாவிடமிருந்து களம் கைக்கு வந்ததும் புதுசு.

"டேய், துண்டை மட்டும் கக்கத்துல வச்சா ஆச்சா? நிழலையும் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போடா" என்றார்.

களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தெற்குத் தெரு ஆட்களும் சிரித்தார்கள், ஏனென்றால் சிரிக்காதவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. நிழல் விழுந்தால் நெல் காயாது என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார்கள், பனைமர நிழல் விழுந்தால் மட்டும் நெல் எப்படிக் காய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தெற்குத் தெருவுக்கு இரண்டு பாதை ஏற்பட்டது. காலையில் களத்துக்கு மேற்கால் போக வேண்டும், நிழல் மேற்கே வெளியே விழுந்து தொலையும். மாலையில் கிழக்கால், வாய்க்காலை ஒட்டி, கருவேல முள்ளுக்குள் போக வேண்டும், நிழல் கிழக்கே தண்ணீரில் விழுந்து தொலையும். பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்ததும் தெற்குத் தெருவில் அடுத்ததாகச் சொல்லிக் கொடுத்தது இந்தத் திசைகளைத்தான்.

பிறகு சங்கம் வந்தது, கொடி வந்தது, சட்டம் வந்தது, தேர்தல்கள் வந்து வந்து போயின. அந்த வழக்கத்தை யாரும் எடுத்துவிட்டதாக அறிவிக்கவில்லை, அது தானாகச் செத்துப் புழுத்துப் போயிற்று. தெற்குத் தெருப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் களத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பறந்தார்கள். பெண்கள் கைப்பேசியில் பேசிக்கொண்டே நெல்லுக்கு நடுவே நடந்து போனார்கள். முள்ளுப் பாதையில் அம்மாசியைத் தவிர யாரும் நடக்காததால், அவர் பாதம் அகலத்துக்கு மட்டும் அது வெள்ளையாகத் தெரிந்தது.

பயத்தால் சுற்றிப் போகிறார் என்று நினைத்தவர்களுக்கு அம்மாசியைத் தெரியாது. எந்த வாய் போகச் சொன்னதோ அந்த வாய் "நேரா வா" என்று சொல்ல வேண்டும், சொல்கிறவரைக்கும் களத்தில் கால் வைப்பதில்லை என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சொல். அவர் மனைவி பவுனு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள்.

"அந்த மனுசனுக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூச்சு எரப்பு எல்லாம் இருக்கு. நாளைக்கே போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லாம எப்படிப் போவாரு? போவ விட்டுருவனா?"

"ஆமா, எமன் உங்களைக் கேட்டுட்டுத்தான் கயிறு போடுவான்" என்பாள் பவுனு.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, அம்மாசி மேற்குப் பாதையில் நடந்து கடைத்தெருவுக்குப் போய், சிராஜ் பாயின் டீக்கடை வாசலில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தபோது, அவருடைய நிழல் சூரியன் இருந்த பக்கமாக விழுந்து கிடந்தது. பெஞ்சின் நிழல், பஸ்ஸுக்கு நின்றவர்களின் நிழல், எச்சில் இலைக்குக் காத்திருந்த நாயின் நிழல் எல்லாம் ஒழுங்காக மேற்கே கிடக்க, அவருடையது மட்டும் அவருக்கு முன்னால், ரோட்டைத் தாண்டி, வெயில் வந்த வழியிலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒங்க நிழலு கெழக்கால போவுது" என்றார் சிராஜ்.

அம்மாசி குனிந்து பார்த்தார். "ஆமா. சீனி பத்தல பாய், இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

ஆனால் மறுநாள் காலையில், தான் நடக்கிற பாதையில் நடக்கும்போதுதான் அவருக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. களத்துக்கு மேற்கால், எங்கே நடக்கச் சொன்னார்களோ அங்கேயே, ஒரு விரற்கடைகூட விலகாமல் அவர் நடந்துகொண்டிருந்தார், நிழலோ கிழக்கே களத்துக்குள் இறங்கி, காய்கிற நெல்லின் மேல் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. களத்தைக் காப்பாற்ற என்று போட்ட பாதையே நிழலைக் கொண்டுபோய்க் களத்தில் இறக்கியது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிழலுக்கு வழிவிட்டு நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

களத்து நடுவில் ஓலைப் பந்தலுக்குக் கீழே சாய்வு நாற்காலியில் கிடந்த தில்லைநாயகம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"யாருடா அது?"

"அம்மாசிங்க."

"எந்தப் பக்கம் போறான்?"

"மேக்காலதாங்க. சரியாத்தான் போறாரு."

"சரியாப் போனா நிழலு எப்படி இங்க வந்துச்சு?"

அம்மாசி ரோடு ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் நடை கொஞ்சம் மெதுவாக இருந்தது என்று பெண்கள் சொன்னார்கள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது, ஊருக்கு எதையும் ஏற்றுக்கொண்டுதானே பழக்கம். ஆற்றில் தண்ணீர் வராததை ஏற்றுக்கொண்ட ஊர், வந்தபோது வீட்டுக்குள் வந்ததையும் ஏற்றுக்கொண்ட ஊர், ஒரு கிழவனின் நிழல் எதிர்ப்பக்கம் விழுவதை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவருக்கு எந்தப் பக்கம் நின்றால் நிழல் கிடைக்கும் என்று பழகிக்கொண்டார்கள். அவரோடு சேர்ந்து நடந்தால் தங்கள் நிழல் பின்னாலும் அவர் நிழல் முன்னாலும் வருவதைப் பார்த்துப் பயந்த ஆடுகள் இரண்டொரு நாளில் பயம் தெளிந்தன. கல்யாணத்தில் படம் பிடிக்க வந்தவர் மட்டும், "பெரியவரே, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பார்க்கிறவங்க படத்தையே தப்புன்னு சொல்லுவாங்க" என்று கெஞ்சினார். அய்யனார் கோயில் பூசாரியிடம் இதற்குப் பரிகாரம் உண்டா என்று யாரோ கேட்டதற்கு, நிழல் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன, திருநீறு நெற்றியில்தானே பூசுகிறோம் என்று அவர் சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு நாள் வடக்குத் தெருவிலிருந்து ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் வந்து காத்திருந்தாள். எதிர் நிழல் பட்டால் சூடு இறங்குமாம், யார் சொன்னது என்று அவளுக்கும் தெரியாது. அம்மாசி நடந்து போனார், நிழல் குழந்தையின் மேல் ஊர்ந்து போயிற்று, காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தும் உள்ளே போயிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? எந்தத் தெருவின் பெண்கள் ஒரு காலத்தில் அந்த நிழல் பட்டதென்று தண்ணீர் தெளித்துக் களம் கழுவினார்களோ அந்தத் தெருவின் பேத்திமார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முள்ளுப் பாதையில் வரிசையாக நின்றார்கள். பவுனு அவர்களை அதட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"செருப்பை அங்க கழட்டிட்டு வா. நெரிக்காத, நெரிக்காத, நிழலு தீந்தா போயிடும்?"

சேதி மலைமேல் இருக்கும் ஒளி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு வேன் வந்தது. வேனில் கண்ணாடிகளும் அளக்கும் கருவிகளும் வெள்ளைத் துணிச் சுருள்களும், அவற்றுக்கு நடுவே டாக்டர் ஜெபராணியும் இருந்தார்கள். டாக்டர் என்றதும் பெண்கள் கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னார்கள். "நான் வெளிச்சத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்ம்மா" என்று அவர் சொன்னதும், அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறதா என்று அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நிழலுக்கு ஆச்சரியப்படாதவர்கள் அந்தப் படிப்புக்கு ஆச்சரியப்பட்டார்கள்.

ஜெபராணி நாகர்கோவில் பக்கத்துக்காரர், நரை விழுந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வெயிலில் நிற்கச் சலிக்காதவர். முதலில் பள்ளிக்கூடத்தின் சன்னல்களையெல்லாம் அடைத்து, அம்மாசியை உள்ளே நிறுத்தி, பல்பு போட்டுப் பார்த்தார். பல்புக்கு நிழல் அடக்கமாகப் பின்னால் விழுந்தது. மெழுகுவத்திக்கும் பின்னால் விழுந்தது, டார்ச்சுக்கும் பின்னால் விழுந்தது. சன்னலைத் திறந்ததும் எழுந்து சூரியனைப் பார்த்துப் போயிற்று.

"ஐயா, இது எப்போலேருந்து இப்படி?"

"பங்குனியிலேருந்து."

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? தலைசுத்தல், வலி?"

"நல்லா இருக்கு தாயி. முன்னவிட நல்லா இருக்கு."

சரியாக அளக்க ஜெபராணிக்கு மேடு பள்ளம் இல்லாத, மரத்தின் நிழலோ வீட்டின் நிழலோ விழாத பெரிய இடம் வேண்டியிருந்தது. ஊரில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான். தில்லைநாயகத்தின் மகன் ராஜசேகர், மில்லைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மாதிரியான மனிதர், ஓடி வந்து களத்தைக் கூட்டிக் கழுவிக் கொடுத்தார். கருவிகளை நட்டார்கள், வெள்ளைத் துணியை விரித்தார்கள். அம்மாசி களத்தின் ஓரம்வரை வந்து நின்றுவிட்டார்.

"வாங்க ஐயா, நடுவுல வந்து நில்லுங்க" என்றார் ஜெபராணி.

"அவரு கூப்பிடட்டும்."

"பெரியவரே, நான்தான் கூப்பிடுறேனே. தாராளமா வாங்க. இப்ப யாரு தடுக்கிறா?" என்றார் ராஜசேகர்.

"தம்பி, உன் மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. உங்க அப்பா கூப்பிடட்டும், வர்றேன்."

பவுனு தலையில் அடித்துக்கொண்டாள். "மலையிலேருந்து மெனக்கெட்டு வந்திருக்காங்க, இவரு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுங்கிறாரு."

ஜெபராணி விவரத்தைக் கேட்டார். அம்மாசி உப்பு வாங்கி வந்த சாயங்காலத்தைச் சொன்னார். ஜெபராணி பந்தலுக்குப் போய்த் தில்லைநாயகத்தின் நாற்காலிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்.

"நான் எப்போ வராதேன்னு சொன்னேன்?" என்றார் தில்லைநாயகம். "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே. களம் தெறந்துதானே கெடக்கு? ஆடு போவுது, நாயி போவுது, யாரு கேக்குறா?"

"அதையே அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன் ஐயா. எங்க வேலையும் நடக்கும்."

"ஏம்மா, நான் என்ன பத்திரிகை அடிச்சு வைக்கணுமா?" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதை ஜெபராணி வந்து சொன்னபோது அம்மாசி சிரித்தார். "பாத்தீங்களா தாயி? ஆட்டைச் சொன்னாரு, நாயச் சொன்னாரு, என் பேரு வாயில வரல பாருங்க."

வேனை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று கூட வந்தவர்கள் பேசிக்கொண்டபோதுதான், ஜெபராணி அம்மாசியையும் களத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாசி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று சொன்னார். அளக்க வேண்டியது நிழலைத்தானே, ஆளை இல்லையே. சாயங்காலமாகட்டும் என்று காத்திருந்தார்கள். அம்மாசி தன் மாலைப் பாதையில், வாய்க்கால் ஓரத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். சூரியன் மேற்கே சாயச் சாய, அவர் நிழல் மேற்கே களத்துக்குள் நீண்டு, வெள்ளைத் துணியின் மேல் கைகாலை நீட்டிப் படுத்தது. சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டார்கள், அதன் தலையில் ஒரு கருவி, நெஞ்சில் ஒரு கருவி, காலில் ஒரு கருவி வைத்தார்கள். மாசக்கணக்கில் வேன் வந்து வந்து போயிற்று. மலைக்குப் போனார்கள், கணக்குப் போட்டார்கள், சரியில்லை என்று அழித்தார்கள், மறுபடி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாசி குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்து நின்றார்.

பிறகு ஒரு நாள், கண்டுபிடித்தது என்ன என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஜெபராணி. வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் சரி பார்த்து ஒப்புக்கொண்டும் ஆகிவிட்டது, ஆனால் யார் ஊர் வெயிலோ அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்றார். தெற்குத் தெருப் பையன்கள் பிளெக்ஸ் அடிக்க டவுனுக்கு ஓடினார்கள். அம்மாசி முழு உருவத்தில் நிற்கிற படம், பெரிய எழுத்தில் பேர். பிளெக்ஸ் கட்டியானதும்தான் பவுனு பார்த்தாள், அச்சகத்துக்காரர் நிழல் தப்பாக விழுந்திருக்கிறது என்று நினைத்து, பாவம், நல்ல எண்ணத்தோடு அதைத் திருத்தி எல்லோர் நிழலும் விழுகிற பக்கம் விழ வைத்திருந்தார்.

"அவுத்துப் போடுங்கடா அத!" என்று பவுனு போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன. "எங்க தெருவுக்கே இப்பதான் ஒரு நிழலு நிமிந்திருக்கு, அத இவன் யாரு திருப்புறதுக்கு?"

பையன்கள் மறுபடி டவுனுக்கு ஓடி, அச்சகத்துக்காரரோடு சண்டை போட்டு, பக்கத்திலேயே நின்று நிழலைச் சரியான தப்புப் பக்கத்தில் விழ வைத்து வாங்கி வந்தார்கள்.

கூட்டம் களத்திலேயே நடந்தது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கினார்கள். அம்மாசி மட்டும் வாய்க்கால் ஓரப் பாதையில் தன் இடத்தில் நின்றார். சாயங்கால வெயிலில் அவர் நிழல் களத்துக்குள் வந்து, கூட்டத்தின் நடுவே படுத்திருந்தது. யாரும் சொல்லாமலே சனங்கள் விலகி அதற்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தெரியாமல் மிதித்துவிட்ட ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்தலுக்குக் கீழே தில்லைநாயகம் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

ஜெபராணி மைக்கைப் பிடித்தார்.

"நிழல்னா வெளிச்சம் வராத இடம், அவ்வளவுதான்னு நாங்க படிச்சோம், அதையே பாடமும் நடத்தினோம். சூரியன்ல இருந்து வெளிச்சம் வருது, நம்ம மேல முட்டி நின்னுடுது, நமக்குப் பின்னால இருட்டு விழுது. அது ஒருவழிப் பாதைன்னு நினைச்சிருந்தோம். அம்மாசி ஐயா நிழலை அளந்தா, அவருக்குப் பின்னால வெளிச்சம் கொஞ்சங்கூடக் குறையல. முன்னாலதான் குறையுது. ஏன்னா வெளிச்சம் அவரைத் தொடறதுக்கு முன்னாலயே அவர்கிட்டேருந்து ஒண்ணு கிளம்பி, வர்ற வெளிச்சத்தை எதிர்த்துச் சூரியனைப் பார்த்துப் போவுது."

அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆத்துல புதுத்தண்ணி வரும்போது பார்த்திருக்கீங்கல்ல? எல்லாமே தண்ணியோட போவும். மீன் மட்டும் எதிர்த்து ஏறும். அந்த மாதிரி" என்றார்.

"அட, ஏத்து மீனு!" என்றது கூட்டம். உடனே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதில் கைதட்டல் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது.

"இதனால நமக்கு என்னம்மா பலன்? நெல்லு சீக்கிரம் காயுமா?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

"இன்னிக்கு ஒரு பலனும் இல்லைங்க. நாளைக்கு, எட்டாத தூரத்துல இருக்கிற ஒரு நட்சத்திரத்துக்கு அதோட வெளிச்சத்தையே பிடிச்சுக்கிட்டு ஏறிப் போய் ஒரு சேதி சொல்ல வழி கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். இனிமே உலகத்துல எந்த மொழியில நிழலைப் பத்திப் பாடம் எழுதினாலும், 'அம்மாசி நிழல்'னு எழுதாம அந்தப் பாடத்தை முடிக்க முடியாது. அதுக்கு அந்தப் பேரைத்தான் வச்சிருக்கோம்."

அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு மில்லில் வேலை செய்தவர்கள் கொதிகலன்தான் வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். தெற்குத் தெருவில் இதுவரை யார் பேரிலும் ஒரு முட்டுச் சந்துகூடக் கிடையாது. இப்போது சீனாக்காரன் படிக்கிற பாடத்தில், ரஷ்யாக்காரன் படிக்கிற பாடத்தில், அமாவாசையன்று பிறந்ததால் வேறு யோசனை இல்லாமல் வைத்த அந்தப் பேர் இருக்கப் போகிறது. அழாதவர்கள் என்று யாரும் இல்லை. அம்மாசி மட்டும் அழவில்லை, துண்டை எடுத்து ஒரு தரம் உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் இல்லாம இவருக்கு மட்டும் ஏன்?" என்று ஒரு குரல் கேட்டது.

"தெரியல. எப்படின்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கு. ஏன்னு தெரியல" என்றார் ஜெபராணி.

"நான் சொல்றேன்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பவுனு எழுந்தாள். "வீம்பு! வேற என்ன?"

களம் முழுக்கச் சிரித்தது. ஒரு காலத்தில் இதே களம் வேறு மாதிரி சிரித்ததைக் கேட்ட ஒருவர் வாய்க்கால் ஓரத்தில் நின்று இந்தச் சிரிப்பையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கூட்டத்தில் இல்லை, பந்தலில் இருந்தது. ஒலிபெருக்கி அம்மாசி, அம்மாசி என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. பந்தலிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

வேன் போய்விட்டது. வருசம் திரும்பி, சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் வந்தது. காற்று ஒன்று வந்து ஓலைப் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாற்றிக் கட்ட ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலமானால் கரண்டும் போகும், வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் தில்லைநாயகம் நாற்காலியைக் களத்தில் போடச் சொல்லி, வெட்ட வெளியில் வந்து கிடப்பார். இத்தனை காலம் களத்து நடுவில் இருந்த நாற்காலி கிழக்கே நகர்ந்திருப்பதை அம்மாசி கவனித்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. யார் நகர்த்தச் சொன்னார்கள் என்று யாரும் பேசவில்லை. ஆனால் அம்மாசி கிழக்குப் பாதையில் வீடு திரும்புகிற நேரத்துக்கு, அவர் நிழல் எந்த இடத்தில் களத்தைக் கடக்குமோ சரியாக அந்த இடத்தில் நாற்காலி இருந்தது. நிழல் மேலே ஊர்ந்து போகிற அந்த இரண்டு மூச்சு நேரத்துக்குக் கிழவர் முகம் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் அவிழும்.

ஒரு நாள் நிழல் அவர் முகத்தைத் தாண்டப் போனபோது, "கொஞ்சம் நில்லு" என்றார்.

அம்மாசி நின்றார். உப்பு வாங்கி வந்த சாயங்காலத்துக்குப் பிறகு அந்த வாய் அவரிடம் பேசியது அதுதான் முதல். நடுவில் முள்வேலிகூட இல்லை. நாலு எட்டு வைத்தால் நாற்காலி.

"நேரா வான்னு சொல்லுங்க" என்றார் அம்மாசி. "வர்றேன். பக்கத்துலயே நிக்கிறேன்."

தில்லைநாயகம் மூச்சு இரைத்தார். சட்டை போடாத நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"இன்னும் என்னடா ஒனக்கு?" என்றார். "அன்னைக்கே ஒங்கப்பன் வந்து என் கால்ல விழுந்து, சின்னப் பய தெரியாம செஞ்சுட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டான். அத்தோட தீந்துச்சு. அப்புறம் என்ன?"

அம்மாசிக்கு அது தெரியாது. அவர் அப்பா அதைச் சொல்லவே இல்லை. செத்துப் போகிற அன்றைக்குக்கூட, களத்துப் பக்கம் பார்த்துப் போ என்று மட்டும்தான் சொன்னார். அவர் நிழல் அசையாமல் கிழவரின் மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட அம்மாசிக்கு ஒரு எட்டுப் போதும், அந்த நெற்றியில் மறுபடி வெயில் விழும்.

"ஞாபகம் இல்லைன்னீங்க" என்றார் அம்மாசி.

தில்லைநாயகம் தலையை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார்.

"சரி, நிக்கிறேன்" என்றார் அம்மாசி. "சும்மா இல்ல. எனக்கு ஒரு வார்த்தை தரணும். எங்கப்பனுக்கு ஒரு வார்த்தை தரணும். இப்ப நிக்கிறேன் பாருங்க, இதுவும் அதுல சேரும்."

காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றார். வெயில் அவர் முகத்தில் அடித்தது. எட்டாத நட்சத்திரத்தையும் தொடும் என்று உலகம் சொன்ன நிழல், நாலு எட்டுத் தள்ளி ஒரு கிழவரைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டிருந்தது. மில்லிலிருந்து வெளியே வந்த பெண்கள் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். தில்லைநாயகத்தின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. கண் மூடியது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அம்மாசி முன்னால் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

குறட்டைதான் வந்தது.

சூரியன் தென்னைக்குக் கீழே இறங்கி, நிழல் என்று ஒன்று இல்லாமல் போகிறவரைக்கும் அம்மாசி அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெற்கேயிருந்து, "சோறு ஆறிப் போச்சு, எங்க நிக்கிறீங்க?" என்று பவுனுவின் குரல் வந்தது. களத்தில் யாரும் இல்லை, குறுக்கே போனால் வீடு கூப்பிடு தூரம்.

"வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, அம்மாசி வாய்க்கால் ஓரமாக, முள்ளை விலக்கிக்கொண்டு, சுற்றிக்கொண்டு போனார்.